அதேபோல இன்னொன்று போதாதா?

கிண்ணியாவில் ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். கத்தாரில் வேலை பார்க்கும் மகன் உம்ராவை முடித்துக்கொண்டு ஊர் வந்திருக்கிறான். மக்காவில் வாங்கிய தஸ்பீஹ் ஒன்றை உம்மாவிடம் நீட்டுகிறான். தொண்ணூற்றொன்பது மணிகளும் பளபளக்கின்றன. உம்மா அதை ஆசையோடு வாங்கி, கண்ணில் ஒற்றி, அலமாரிக்குள் பத்திரமாக வைத்துவிடுகிறார். மஃரிப் தொழுகை முடிந்ததும் அவர் கை தேடுவது பழையதை. அதன் மணிகள் தேய்ந்து நிறம் மங்கிவிட்டன. நூல் அறுந்து, வலை பின்னும் நைலோன் நூலில் மறுபடி கோக்கப்பட்டது. இரண்டு மணிகள் குறைவு. அந்த இரண்டையும் விரலால் எண்ணி ஈடுசெய்துகொள்வார்.

“புதுசு இருக்கே உம்மா?”

“அது இரிக்கட்டும் மகன். இது ஒங்கட வாப்பாட.”

வீடு கற்பனைதான், பதில் கற்பனையல்ல. மதம் மாறும், பொருள் மாறும். இந்தப் பதில் ஒலிக்காத தெரு தமிழ்பேசும் ஊர் எதிலும் இருக்காது. ஆனால் நின்று யோசித்தால் இதில் ஒரு புதிர் இருக்கிறது. பயன்பாட்டில் புதியது மேல். விலையிலும் மேல். புனித ஊரிலிருந்து வந்தது என்ற பெருமையும் அதற்கே. தஸ்பீஹ் என்பதே எண்ணிக்கை தவறாமலிருக்க உதவும் கருவி மட்டும்தான், விரல்களாலேயே எண்ணலாம் என்று மார்க்க அறிஞர்கள் சொல்வார்கள். அப்படியிருந்தும் பழையதே வெல்கிறது. அதே வீட்டில் இன்னொரு பிள்ளை, “அறுந்தத எறியுங்களன்” என்று சாதாரணமாகச் சொல்லவும் கூடும்.

ஆக, கேள்விகள் இரண்டு. ஒரு பொருள் எப்படி இன்னொன்றால் ஈடுசெய்ய முடியாததாகிறது? அது ஏன் சிலருக்கு மட்டும் அப்படியாகிறது?

நகலெடுக்கும் பெட்டி

முதல் கேள்வியை உளவியலாளர்கள் புரூஸ் ஹூட்டும் போல் புளூமும் குழந்தைகளிடம் கொண்டுபோனார்கள். 2008இல் வெளியான அந்த ஆய்வில் பங்கெடுத்தவர்கள் மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகள். அவர்கள் முன் விளக்குகளும் திருகுகளும் பொருத்திய இரண்டு பெட்டிகள் வைக்கப்பட்டன. ஒரு பெட்டியில் ஒரு பொருளை வைத்து மூடினால் அடுத்த பெட்டியில் அச்சு அசலாக இன்னொன்று வந்துவிடும் என்று பிள்ளைகளை நம்பவைத்தார்கள். உண்மையில் நடந்தது மறைவிலிருந்து ஒரே மாதிரியான இன்னொரு பொருளை வைக்கும் சிறு தந்திரம்.

சாதாரண விளையாட்டுப் பொருளென்றால் பிள்ளைகள் பலரும் “நகலை” எடுத்துக்கொள்ள உற்சாகம் காட்டினார்கள். மாயப்பெட்டியிலிருந்து வந்ததல்லவா! தினமும் அணைத்துக்கொண்டு தூங்கும் பொம்மையைப் பெட்டிக்குள் வைக்கச் சொன்னபோது கதை மாறியது. சிலர் அதை உள்ளே வைக்கவே மறுத்தார்கள். வைத்தவர்களிலும் பெரும்பாலோர் நகல் வேண்டாம், தன்னுடையதே வேண்டும் என்றார்கள்.

தோற்றம், எடை, மென்மை எல்லாம் ஒன்றுதான் என்று நம்பியபின்னும் மறுப்பதென்றால், தோற்றத்துக்கு அப்பால் ஏதோ ஒன்று அசலுக்குள் இருப்பதாக அந்தப் பிள்ளைகளின் மனம் கருதுகிறது. இந்த உள்ளுணர்வைச் சாரநம்பிக்கை என்று அழைக்கலாம். ஒரு பொருள் கடந்துவந்த வரலாறு, கண்ணுக்குத் தெரியாத சாரமாக அதற்குள்ளேயே தங்கியிருக்கிறது என்ற எண்ணம் அது. யாரும் பாடம் நடத்தி இதைப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதில்லை.

தொட்டது ஒட்டும்

சாரம் எப்படிப் பொருளுக்குள் போகிறது? பெரும்பாலும் தொடுகையால்.

1890இல் ‘தங்கக் கொம்பு’ என்ற நூலை வெளியிட்ட மானிடவியலாளர் ஜேம்ஸ் ஃபிரேசர், உலகெங்குமுள்ள மாந்திரீக வழக்கங்களில் ஒரு பொது விதியைக் கண்டார்: ஒருமுறை தொட்டவை பிரிந்த பின்னும் தொடர்பை விடுவதில்லை. இது “பின்தங்கிய” மக்களின் சிந்தனை என்பது அவர் கருத்து. அந்த மமதையை அமெரிக்க உளவியலாளர் போல் ரோசினும் அவர் குழுவினரும் 1986இல் வெளியிட்ட ஆய்வு உடைத்தது. முற்றாகக் கிருமிநீக்கம் செய்த செத்த கரப்பான் பூச்சியைப் பழச்சாற்றில் ஒருகணம் தோய்த்து எடுத்தால் போதும், நன்கு படித்த அமெரிக்கர்களே அந்தச் சாற்றைக் குடிக்கத் தயங்கினார்கள். கிருமி இல்லை என்பது அவர்களுக்குத் தெரியும். தெரிந்தும் தொண்டைக்குள் இறங்கவில்லை. இதைத் தொற்றெண்ணம் எனலாம்.

அருவருப்பு தொற்றுவதுபோல் அன்பும் தொற்றும். ஜோன் கென்னடி, மர்லின் மன்றோ போன்றோரின் உடைமைகள் ஏலம்போன விலைகளை ஜோர்ஜ் நியூமனும் போல் புளூமும் ஆராய்ந்து 2014இல் வெளியிட்டார்கள். உரியவரின் உடலை எந்த அளவுக்குத் தொட்டிருக்கும் என்று மக்கள் கருதினார்களோ, அந்த அளவுக்குப் பொருளின் விலை ஏறியிருந்தது.

2020இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் அருகே ஓர் ஏல நிறுவனத்தின் தபால்பெட்டிக்குள் கடித உறையொன்றில் பழைய மூக்குக்கண்ணாடி கிடந்தது. மகாத்மா காந்தி அணிந்தது என்று தெரியவந்ததும் அது 260,000 பவுணுக்கு விற்பனையாகியது. உறையில் கிடந்தபோதும் ஏலமேடையில் இருந்தபோதும் அதே கண்ணாடிதான். கூடியது, அதைப் பற்றிய தகவல் மட்டும்.

நினைவின் தூண்டில்

உம்மாவின் தஸ்பீஹில் தொற்றெண்ணத்துக்கு மேலும் ஒன்று உண்டு. அதைக் கையில் எடுத்ததும் வாப்பா வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம்கூட அவருக்கு ஞாபகம் வரலாம்.

நினைவுகள் தனித்தனியாகப் பெட்டியில் பூட்டி வைக்கப்படுவதில்லை. ஒரு சம்பவம் மனதில் பதியும்போது அந்த நேரத்து வெளிச்சம், ஓசை, கைக்குள் இருந்த பொருள் எல்லாம் சேர்ந்தே பதிகின்றன. பிறகு அவற்றில் ஒன்று மீண்டும் எதிர்ப்பட்டால் மற்றவற்றையும் இழுத்து வருகிறது. மணத்துக்கு இதில் தனிச் சலுகை. மற்றப் புலன்களின் செய்திகள் மூளையின் நடுவிலுள்ள ஓர் இடைநிலையத்தைக் கடந்துதான் மேலே போகின்றன. மூக்கின் செய்தியோ உணர்ச்சியையும் நினைவையும் கையாளும் பகுதிகளுக்குக் குறுக்குவழியில் போய்விடுகிறது. மறைந்தவரின் சட்டையை உடனே துவைத்துவிடச் சிலர் மனம் ஒப்பாததற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது.

சுழியோடிகள் உள்ள ஊருக்குப் பிடிக்கக்கூடிய பரிசோதனை ஒன்றும் உண்டு. 1975இல் கோடனும் படெலியும் ஸ்கொட்லாந்துக் கடலில் சுழியோடிகளுக்குச் சொற்பட்டியல்களை ஒலிக்கவிட்டு மனதில் பதிக்கச் சொன்னார்கள். நீருக்கடியில் கேட்டது நீருக்கடியிலும், கரையில் கேட்டது கரையிலும் நன்றாக நினைவுக்கு வந்தது என்றார்கள். பாடநூல்கள் அரைநூற்றாண்டாக இதைக் கொண்டாடின. 2021இல் அதேபோல் மீண்டும் செய்து பார்த்தபோது அந்த முடிவு கிடைக்கவில்லை. பொருளும் சூழலும் நினைவைத் தூண்டும் என்பதற்கு வேறு சான்றுகள் நிறையவே உள்ளன; ஆனால் அழகான கதையாக இருப்பதாலேயே ஒரு பரிசோதனையை முடிந்த முடிவாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

கொட்டியாரக்குடாவின் கைதி

இதுவரை சொன்ன விளக்கத்தைத் தடுமாற வைக்கும் ஒரு சம்பவம் கிண்ணியாவுக்குப் பக்கத்திலேயே தொடங்குகிறது.

கிண்ணியாவும் மூதூரும் கொட்டியாரக்குடாவின் கரை ஊர்கள். 1659இன் இறுதியில் ‘ஆன்’ என்ற ஆங்கிலக் கப்பல் மசூலிப்பட்டினத்தில் புயலில் சிக்கிப் பாய்மரத்தை இழந்து, பழுதுபார்க்க இந்தக் குடாவுக்குள் வந்தது. 1660 ஏப்ரலில் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் கப்பல் தலைவர் ரொபேர்ட் நொக்ஸையும், அதே பெயர்கொண்ட அவருடைய பத்தொன்பது வயது மகனையும், மாலுமிகள் சிலரையும் பிடித்துச் சென்றார்கள். பிடிபட்டதாகச் சொல்லப்படும் புளியமரத்தின் இடத்தில் 1893இல் நட்ட நினைவுக்கல் மூதூரில் உண்டு.

மலைநாட்டுக் கிராமமொன்றில் தந்தையும் மகனும் காய்ச்சலில் விழுந்தார்கள். 1661 பெப்ரவரியில் தந்தை இறந்தார். எழுந்து நிற்கவும் வலுவில்லாத நிலையில் மகன் அவரை அடக்கம் செய்தான். அவனிடம் மிஞ்சியவை இரண்டு பக்தி நூல்கள். திரும்பத் திரும்பப் படித்து அவை ஏறக்குறைய மனப்பாடமாகிவிட்டன.

ஒருநாள் அவன் ஓடையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தபோது அந்த வழியே ஒரு முதியவர் வந்தார். உன் எஜமானுக்குப் புத்தகம் படிக்கத் தெரியுமா என்று பணிச்சிறுவனிடம் கேட்டார். போர்த்துக்கீசர் கொழும்பை இழந்த காலத்தில், அதாவது 1656 வாக்கில், தன் கைக்கு ஒரு புத்தகம் வந்ததாகவும் வேண்டுமானால் விற்பதாகவும் சொன்னார். பார்த்துவரப் போன சிறுவன் திரும்பி ஓடிவந்தான். அது ஆங்கில வேதாகமம்.

நொக்ஸ் தூண்டிலைப் போட்டுவிட்டு எழுந்தான். அவனுடைய மொத்தக் கையிருப்பு ஒரேயொரு பொன் வராகன். அதை அப்படியே கொடுத்துவிடத் துணிந்தான். சிறுவன்தான் தடுத்தான். ஆர்வத்தைக் காட்டாதீர்கள், மலிவாக வாங்கித்தருகிறேன் என்றான். கடைசியில் புத்தகம் கைமாறியது ஒரு பின்னல் தொப்பிக்கு. தொப்பி பின்னி விற்பது நொக்ஸின் பிழைப்பு. இதையெல்லாம் தப்பிச் சென்ற பிறகு 1681இல் இலண்டனில் வெளியான தன் நூலில் அவனே எழுதியிருக்கிறான்.

இப்போது முன்பு கண்ட விதிகளை இதற்குப் பொருத்திப் பார்க்கலாம். அந்தப் புத்தகத்தைத் தந்தை தொட்டதில்லை. நொக்ஸுக்கு அதோடு பழக்கமும் இல்லை. யாருடையது என்றுகூடத் தெரியாது. தொற்றெண்ணத்துக்கு இங்கே வேலையில்லை. அன்றைக்கு வேறெந்த ஆங்கில வேதாகமம் வந்திருந்தாலும் அவன் இதேபோல் எழுந்திருப்பான். ஆக, அவனை எழுப்பியது அந்தப் பிரதியின் கடந்தகாலம் அல்ல. அது சுட்டிக்காட்டியவை: பேச ஆளில்லாமல் போன தாய்மொழி, வீட்டில் கற்ற வழிபாடு, பிள்ளைப்பருவம், கடவுள் தன்னைக் கைவிடவில்லை என்ற நம்பிக்கை. இதுதான் சின்னத்தின் வேலை.

தஸ்பீஹுக்கும் வேதாகமத்துக்கும் உள்ள வேறுபாடு முக்கியமானது. சின்னத்தை எத்தனை நகலெடுத்தாலும் அதன் பொருள் குறையாது. ஆயிரம் பிறைகளும் பிறையே, ஆயிரம் வேல்களும் வேலே. நினைவுப்பொருளை ஒருமுறைகூட நகலெடுக்க முடியாது. ஆனால் ஒன்று மற்றொன்றாக மாறும். ஓடைக்கரையில் கைக்கு வந்த கணத்திலிருந்து அந்தப் பிரதிக்கு நொக்ஸின் வாழ்க்கையில் ஒரு வரலாறு பிறந்துவிட்டது. அது தன்னிடம் வந்துசேர்ந்ததையே ஓர் அற்புதமாக அவன் கருதினான். அதன்பின் வேறொரு வேதாகமம் அதற்கு ஈடாகியிருக்க வாய்ப்பில்லை.

முதியவரும் இந்தக் கதையில் கவனிக்கத் தக்கவர். அதே புத்தகம் அவரிடம் சில ஆண்டுகள் சும்மா கிடந்தது. அவருக்கு அது வாசிக்க முடியாத எழுத்துகள் கொண்ட தாள்கட்டு. ஒரு தொப்பி கிடைத்தால் இலாபம்.

ஏன் சிலருக்கு மட்டும்?

நொக்ஸின் நிலைமையிலேயே பாதி விடை இருக்கிறது. மனிதர்கள் இல்லாமற்போன இடத்தில் பொருள்கள் கனக்கின்றன. லூக்கஸ் கீஃபரும் அவர் குழுவினரும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், நெருங்கியவர்கள் தம்மைக் கைவிட்ட தருணங்களை நினைத்துப் பார்க்குமாறு சிலரைக் கேட்டார்கள். அப்படி நினைத்தவர்களிடம் உடைமைகள்மீதான பற்று கூடியது.

வளர்ப்பும் சேர்கிறது. மேலைநாட்டுக் குழந்தைகள் பலர் ஒரு பொம்மையையோ போர்வையையோ விடாமல் இழுத்துத் திரிவதைப் பிரித்தானிய மருத்துவர் டொனால்ட் வினிகொட் 1950களில் விளக்கினார்: தாய் பக்கத்தில் இல்லாத நேரத்துக்கு அது துணை. 2003இல் வெளியான ஓர் ஒப்பீட்டில் நியூயோர்க் குழந்தைகளில் 62 வீதத்தினருக்கும் தோக்கியோ குழந்தைகளில் 38 வீதத்தினருக்கும் அப்படியொரு துணைப்பொருள் இருந்தது. ஜப்பானில் பிள்ளைகள் தாயோடு படுப்பது வழக்கம். நம் வீடுகளிலும் அப்படித்தான். நம் பிள்ளைகள் பலருக்குக் கரடிப் பொம்மை தேவைப்படாததற்கும், தேவைப்படும் சிலர் உம்மாவின் பழைய சேலையையே தேடுவதற்கும் இது பொருந்திவருகிறது.

வயதும் உண்டு. சிக்காகோவில் 82 குடும்பங்களைச் சேர்ந்த 315 பேரிடம் வீட்டில் எது முக்கியம் என்று கேட்ட ஆய்வு 1981இல் நூலாக வந்தது. இளையவர்கள் இசைப்பெட்டிகளைக் காட்டினார்கள், ஏதாவது செய்ய முடிகிற பொருள்கள் அவை. தாத்தா பாட்டிகள் காட்டியவை புகைப்படங்கள்.

இலங்கையின் வடக்குக் கிழக்கு இதற்கு இன்னொரு காரணத்தையும் சேர்த்திருக்கிறது. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் 2017 பெப்ரவரியிலிருந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தொடர்போராட்டத்தில் அமர்ந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு படம். இறந்தாரா இருக்கிறாரா என்று தெரியாத நிலையை அமெரிக்க ஆய்வாளர் போலின் பாஸ் முடிவறியா இழப்பு என்ற கருத்தால் விளக்குகிறார். சவமும் இல்லை, கபுறும் இல்லை, ஆண்டுத் திவசத்துக்கு நாளும் இல்லை. துக்கம் போய் நிற்க ஓர் இடம் வேண்டியிருக்கிறது. அந்தப் படம் அந்த இடமாகிவிடுகிறது. அத்தகைய தாயிடம் “இன்னும் ஏன் இதைத் தூக்கிக்கொண்டு திரிகிறீர்கள்” என்று கேட்பவருக்கு, அறிவியல் தெரியாது என்பதைவிட அடக்கம் தெரியாது என்று சொல்வதே பொருத்தம்.

ஊர் முழுவதற்கும் பொதுவான சின்னங்களும் இப்படித்தான் உருவாகின்றன. கிண்ணியாப் பாலம் 396 மீட்டர் நீளமான கொங்கிறீற். 2009 ஒக்டோபரில் அது திறக்கப்படும்வரை திருகோணமலைக்குப் போகப் ‘பாதை’ எனப்படும் மிதவைக்குக் காத்திருந்தவர்களுக்கு அது கொங்கிறீற் மட்டுமல்ல. பாலம் வேலை முடியாதிருந்த குறிஞ்சாக்கேணியில் 2021 நவம்பர் 23ஆம் திகதி மிதவைப் பாதை கவிழ்ந்து பள்ளி மாணவர்கள் உட்படப் பலர் இறந்த பிறகு, பாலம் என்பதற்கு இந்த ஊரில் உள்ள கனம் வெளியூர்க்காரருக்கு எளிதில் பிடிபடாது.

ஒரே கல், இரண்டு பேர்

சூழ்நிலை ஒன்றாக இருந்தும் மனிதர்கள் வேறுபடுவதுண்டு. குடாவின் மறுகரையில், சுவாமிமலை உச்சியிலிருக்கும் திருக்கோணேச்சரத்தில் அதற்கு அசாதாரணமான ஓர் உதாரணம் கிடைக்கிறது.

1620களில் போர்த்துக்கீசர் அந்தக் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கோட்டைக்குப் பயன்படுத்தினார்கள். 1950இல் கோயிலுக்கு அருகே நகரசபை கிணறு தோண்டியபோது சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி முதலிய வெண்கலத் திருமேனிகள் வெளிப்பட்டன. ஊர் ஊராக ஊர்வலம் சென்று, 1963இல் புதிய கோயிலில் எழுந்தருளின. மூன்று நூற்றாண்டு மண்ணுக்குள் கிடந்த உலோகம், அடையாளம் தெரிந்ததும் மறுபடி தெய்வமானது.

1956இல் மலையடிக் கடலில் சுழியோடிய இரண்டு ஆங்கிலேயர்கள் கோயிலின் சிதைவுகளைக் கண்டார்கள். ஒருவர் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க். மற்றவர் அவருடைய நண்பர், படப்பிடிப்பாளர் மைக் வில்சன். கோயிலின் சுயம்பு லிங்கமாகக் கொள்ளப்படும் கல்லும் கடலிலிருந்து மீண்டது. கிளார்க் அடுத்த ஆண்டே அந்த அனுபவங்களை நூலாக்கினார். அவருக்கு அது வியப்பூட்டும் கண்டுபிடிப்பு, அதற்குமேல் இல்லை. கடைசிவரை மதநம்பிக்கையற்றவராகவே வாழ்ந்தார். 2008இல் இறந்தபோது தன் அடக்கத்தில் எந்தச் சமயச் சடங்கும் கூடாது என்று எழுதி வைத்திருந்தார். வில்சனோ ‘ரன் முத்து தூவ’ என்ற முதல் சிங்கள வண்ணப்படத்தை 1962இல் இயக்கியவர். பின்னாளில் திரையுலகை விட்டு விலகிச் சுவாமி சிவகல்கி என்ற துறவியானார்.

கல்தான் அவரை மாற்றியது என்று நேர்கோடு போடுவது அவசரம். இடையில் பல ஆண்டுகள் ஓடியிருந்தன. ஒரே கடல், ஒரே காலம், ஒரே கல் என்பவை ஒரே அர்த்தத்தைத் தரவில்லை என்பதுவரை சொல்லலாம். அர்த்தம் பொருளுக்குள் இருந்திருந்தால் இருவருக்கும் கிடைத்திருக்க வேண்டும். வெறும் பிரமையென்றால் கோயில் வாசலில் பிள்ளைவரம் கேட்டுக் கட்டப்படும் சின்னஞ்சிறு தொட்டில்களுக்கும் விளக்கமில்லை. பொருளும், அதைப் பற்றித் தெரிந்த வரலாறும், அதை ஏந்துகிறவரின் தேவையும் ஓரிடத்தில் சந்திக்கும்போதுதான் அர்த்தம் பிறக்கிறது.

சேற்றில் கிடக்கும் படங்கள்

2004 டிசம்பர் 26 சுனாமி கிண்ணியாவில் வைத்தியசாலையைக்கூட விட்டுவைக்கவில்லை. அதன்பின் உலகம் அனுப்பியது பானை, பாய், உடுப்பு, கூடாரம். அவை அவசியம். ஆனால் அவை எல்லாமே இன்னொன்றால் ஈடுசெய்யக்கூடிய பொருள்கள். 2011 மார்ச்சில் ஜப்பானைச் சுனாமி தாக்கியபோது அங்கே தன்னார்வலர்கள் இன்னொரு வேலையையும் சேர்த்துச் செய்தார்கள். சேற்றிலிருந்து இலட்சக்கணக்கான குடும்பப் படங்களைப் பொறுக்கி, கழுவி, உலர்த்தி, மண்டபங்களில் அடுக்கி வைத்தார்கள். உரியவர்கள் வந்து தேடி எடுத்துக்கொண்டார்கள்.

மகாவலி கடலில் கலக்கும் இந்தக் கரையில் வெள்ளம் புதிதல்ல. ஆகவே வாசகர்களுக்கும் ஊர் நிவாரணக் குழுக்களுக்கும் ஒரு வேண்டுகோள். தண்ணீர் வடிந்த வீட்டில் அல்பம் நனைந்திருந்தால் அதை வெயிலில் போடாதீர்கள். இரண்டு நாளுக்குள் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும் என்பதால் தள்ளிப்போடவும் வேண்டாம். ஒட்டிக்கொண்ட படங்களை ஈரமாக இருக்கும்போதே சுத்தமான குளிர்ந்த நீரில் மிதக்கவிட்டு மெல்லப் பிரியுங்கள். உருவம் உள்ள பக்கத்தை விரலால் தேய்க்கக் கூடாது. பிறகு உருவம் மேலே தெரியும்படி நிழலில் பரப்பி உலர விடுங்கள். உடனே நேரமில்லையென்றால் பிளாஸ்டிக் பையில் இட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதியில் வைக்கலாம். காய்ந்து ஒட்டிய பின் பிரித்தால் முகங்கள் உரிந்துவிடும்.